மறு: என்பு முறிவுக் கையேடு – 'தண்டுக்கலச் செயலிழப்பு' பொருந்துமா?

வணக்கம் அண்ணன்,

முறிவில் கிருமி தொற்றி ஸ்டெம் செல்கள் (stem cells) சரியாக வேலை செய்யாமல் போவதற்கு நீங்கள் வைத்த 'தண்டுக்கலச் செயலிழப்பு' என்ற தொடரின் இரண்டு பாதியிலும் எனக்குச் சிக்கல் இருக்கிறது.

முதற்பாதி சின்ன விஷயம். 1868இல் உயிரியலாளர் ஹெக்கல் ஜெர்மன் மொழியில் இந்தச் சொல்லை (Stammzelle) ஆண்டபோது, வம்சமரத்தின் அடிமரத்தைத்தான் நினைத்தார். எங்கள் தேயிலைத் தோட்டத்திலோ தண்டு என்றால் பெக்டரியில் சலித்துக் கழிக்கிற சாமான். குருத்துக்கலம் என்றே வைப்போம். தமிழகத்தார் 'அணு' என்று முடித்தாலும், நம் பாடநூல்களில் படித்த 'கல'த்தை விடவேண்டாம்.

செயலிழப்புதான் பெரிய விஷயம். சிறுநீரகச் செயலிழப்பு என்று கேட்டுப் பழகிய காதுக்கு, இனித் திரும்பாது என்றே அது படும். முறிவில் அப்படி நடப்பதில்லை. எலும்பு உடைந்ததும் இரத்தம் உறைந்து அழற்சி தொடங்கும். எலும்பை மூடிய என்புறையிலும் உள்ளிருக்கும் மச்சையிலும் கிடக்கும் குருத்துக்கலங்களைக் கூப்பிட்டு வேலைக்கு விடுவதே அந்த அழற்சிதான். அவை பெருகி, குருத்தெலும்பாகவும் எலும்பாகவும் மாறி இடைவெளியை நிரப்பும். அதற்கு, தொடங்கிய அழற்சி நாளடைவில் அடங்கவேண்டும். சரிவில் சறுக்கியோ ஆட்டோ புரண்டோ தோல் கிழிந்து, மண் பட்ட முறிவில் கிருமி நுழைந்துவிட்டால் அது அடங்காது. டிஎன்எஃப் போன்ற அழற்சிச் சமிக்ஞைகள் நீடித்து நின்று, குருத்துக்கலம் எலும்பாக்கும் கலமாக மாறுவதைத் தடுக்கும். எலும்பைத் தின்னும் கலங்களுக்கோ கொண்டாட்டம்! ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ் இன்னும் கெட்டிக்காரக் கிருமி. கலத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும், முறிவைப் பிடிக்க உள்ளே வைத்த பிளேட்டின் மேல் படலமும் கட்டும். ஆக, சில கலங்கள் சாகின்றன; மற்றவை உயிரோடு இருந்தும் வேலை மந்தமாகிவிடுகிறது. செத்த எலும்பைச் சுரண்டி எடுத்து, மருந்தால் கிருமியை ஒழித்த பிறகு எலும்பு கூடிவருவதும் உண்டு. கவ்வாத்துக்குப் பின் நோய்பட்டுத் துளிர் மந்தமான தேயிலைச்செடியை யாரும் செத்துவிட்டது என்று பிடுங்குவதில்லையே.

'முடக்கம்' சரிவருமா என்றும் பார்த்தேன். காலில் கட்டோடு படுத்திருப்பவரிடம் அதைச் சொன்னால், கால்தான் முடங்கப்போகிறது என்று வீட்டுக்கே தகவல் போய்விடும். வேண்டாம்.

என் முன்மொழிவு: குருத்துக்கலக் குன்றல்.

ஹட்டனிலிருந்து

---

தங்கச்சி,

தண்டை விட்டுவிட்டேன், குருத்து நல்லது. ஆனால் குடும்பநல மாது பிள்ளைகளின் உயரம் குறைந்தால் 'வளர்ச்சி குன்றல்' என்கிறாரே, குழம்பாதா? அப்புறம், காரணமான தொற்று உங்கள் தொடரில் எங்கே? நீரிழிவிலும் முதுமையிலும் கூட இந்தக் கலங்கள் தளரும்.

---

அண்ணன்,

குழம்பாது, அங்கேயும் வளர்ச்சி நின்றுபோனதாக யாரும் சொல்வதில்லை, குறைந்தது என்றுதான் பொருள். தொற்று விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. கட்டுரைக்குத் 'தொற்றுவழிக் குருத்துக்கலக் குன்றல்' என்று வைப்போம். நீரிழிவு வந்தால் முன்னொட்டை மாற்றினால் போதும். நோயாளிக்குக் கொடுக்கும் கையேட்டில் இந்தச் சொல்லே வேண்டாம். 'கிருமி பட்டதால் எலும்பை வளர்க்கும் கலங்கள் சரியாக வேலை செய்யவில்லை' என்று எழுதினால் வார்ட்டில் வாசித்துக் காட்டவும் வசதி.

பிளேட்டில் கிருமி கட்டும் அந்தப் படலத்துக்கு (biofilm) 'உயிர்ப்படலம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். உயிர் என்றதும் ஏதோ நல்ல சாமான் மாதிரி இருக்கிறது. நான் கிருமிப்படலம் பக்கம். மற்றவர்கள் சொல்லுங்கள்.