பனிக்கட்டி ஏன் மிதக்கிறது, ஏன் மேலிருந்தே உறைகிறது?

கேள்வி (தலைக்குந்தா, தேயிலை விவசாயி):
எங்கள் ஊரில் உறைபனி விழும் நாட்களில், இரவு வெளியே வைத்த வாளித் தண்ணீரின் மேற்பரப்பில் மட்டும் மெல்லிய பனித்தகடு படிந்திருக்கிறது. அதன் அடியில் தண்ணீர் உறையாமல் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், "குளிரில் தேங்காய் எண்ணெய் உறையும்போது கெட்டியானது புட்டியின் அடியில் தங்குகிறதே, பனிக்கட்டி மட்டும் ஏன் மேலே நிற்கிறது?" என்று கேட்கிறாள். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (குன்னூர், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்):
உங்கள் மகள் சரியான இடத்தில்தான் கேள்வி எழுப்பியிருக்கிறார், ஏனெனில் தேங்காய் எண்ணெய்தான் பொதுவிதி; நீர் விதிவிலக்கு. பெரும்பாலான பொருள்களில், உறையும்போது மூலக்கூறுகள் முன்பைவிட நெருங்கி அடுக்கப்படுவதால், திடப்பொருள் தன் திரவத்திலேயே மூழ்கிவிடும்.

நீரிலோ, ஒவ்வொரு மூலக்கூறும் ஹைட்ரஜன் பிணைப்பின் (ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜனுக்கும் அடுத்ததன் ஆக்சிஜனுக்கும் இடையிலான ஈர்ப்பின்) மூலம் நான்கு அண்டை மூலக்கூறுகளை, ஒரு நான்முகியின் (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவத்தின்) முனைகளை நோக்கி நீட்டியதுபோன்ற திசைகளில், பற்றிக்கொள்ள முயல்கிறது. திரவ நிலையில் இப்பிணைப்புகள் கணந்தோறும் அறுந்து புதிதாக உருவாகிக்கொண்டே இருப்பதால், மூலக்கூறுகள் ஒன்றன் இடைவெளியில் மற்றொன்று புகுந்து நெருங்க முடிகிறது. உறைந்தபின் அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது. நான்கு திசைகளும் நிலைபெற்று, அறுகோண வளையங்களாலான கட்டமைப்பு உருவாகி, அவற்றின் நடுவே வெற்றிடம் மிஞ்சுகிறது. அதனால் அதே எடையுள்ள நீர், பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுதல் இடத்தை அடைக்கிறது. 0 பாகை செல்சியசில் ஒரு கன சென்டிமீட்டர் நீரின் நிறை கிட்டத்தட்ட 1 கிராம். பனிக்கட்டியின் நிறை 0.917 கிராம்தான். ஆகவே நன்னீரில் மிதக்கும் பனிக்கட்டியின் பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டுமே வெளியே தெரியும். பிஸ்மத், காலியம், சிலிக்கான் ஆகியனவும் உறையும்போது விரிபவையே.

பதில் (கோத்தகிரி):
ஆசிரியர் ஐயா சொன்னது மிதப்பதற்கான காரணம். மேலிருந்து உறையத் தொடங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீர் மிக அடர்த்தியாக இருப்பது 0 பாகையில் அன்று, ஏறத்தாழ 4 பாகையில். மேகமற்ற இரவில் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானத்திற்கு இழந்து குளிரும்போது, 4 பாகை வரை குளிர்ந்த நீர் கனத்துக் கீழிறங்கும். அதற்கும் கீழே குளிர்ந்தால் இலேசாகி மேலேயே தங்கி, அங்கேயே உறையும். காற்று 1 அல்லது 2 பாகையில் இருக்கும்போதும் திறந்த வாளி உறைவதற்கு இந்த வெப்ப இழப்பே காரணம். தேயிலைச் செடிகளின்மேல் மிலார் (செடிகளின் சிறு கிளைகள்) பரப்புவதும் இந்த இழப்பைத் தடுக்கத்தான்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால், உறைபனியில் கொழுந்து கருகுவதும் இலைக்குள் நீர் விரிவதால்தானா? எமரால்டு அணை உறையாதது ஏன்?

பதில் (குன்னூர் ஆசிரியர்):
கொழுந்து கருகுவதற்கு விரிவு முதன்மைக் காரணம் அன்று. பனிக்கட்டி பெரும்பாலும் செல்களுக்கு இடையேயுள்ள வெளியில் முதலில் உருவாகி, செல்களுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சி வெளியேற்றுகிறது. நீரிழந்த செல்களின் சவ்வுகள் சிதைகின்றன. அணையைப் பொறுத்தவரை, மேற்பரப்பு உறைவதற்கு முன் ஆழம் முழுவதும் 4 பாகைக்கு அருகில் குளிர வேண்டும். பகலில் நன்றாக வெயில் அடிக்கும் நம் மலையில், சில மணிநேரக் குளிர் அதற்குப் போதாது.

மகளிடம் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். கண்ணாடித் தம்ளரில் நீரூற்றிப் பனிக்கட்டியை மிதக்கவிட்டு, நீர்மட்டத்தைக் கோடிட்டு வைக்கட்டும். பனி முழுதும் உருகிய பிறகும் மட்டம் உயராது. பனிக்கட்டி இடம்பெயர்த்திருந்த நீரின் எடையும் அதன் சொந்த எடையும் ஒன்றே என்பதால், உருகி வரும் நீர் அந்த இடத்தை மட்டுமே நிரப்பும்.