பதிமூன்றரை மணி நேரத்தில் மரபணு முடிவு: தீவிர சிகிச்சைப் பிரிவில் இது முதல் பரிசோதனையா, கடைசிப் பரிசோதனையா?

வைகைக்கரை:

2021-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஒரு குழந்தையின் வரலாற்றை முன்வைத்து இவ்விவாதத்தைத் தொடங்குகிறேன். அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், பிறந்து ஐந்து வாரமே ஆன ஆண் குழந்தை ஒன்று இரண்டு மணி நேரமாக அழுகையை நிறுத்தாததால் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டது. சி.டி. ஸ்கேனில் மூளையின் இரு பக்கங்களிலும் பெரிய அளவில் பாதிப்பு தெரிந்தது. பெற்றோர் நெருங்கிய உறவில் மணம் முடித்தவர்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் அவர்களுடைய இன்னொரு குழந்தை இதே போன்ற மூளைப் பாதிப்பில், நோயின் பெயர்கூடத் தெரியாமல் இறந்துபோயிருந்தது. ரேடி குழந்தைகள் மரபணு மருத்துவ நிறுவனத்தார் முழு மரபணுத்தொகுதியையும் படித்து, 13.5 மணி நேரத்தில் எஸ்.எல்.சி.19ஏ3 என்ற மரபணுவில் பிழையைக் கண்டார்கள். தயமின் என்னும் பி1 வைட்டமினை உயிரணுக்களுக்குள் கொண்டுசேர்க்கும் புரதத்துக்கான மரபணு அது. தயமினும் பயோட்டினும் கொடுத்த ஆறு மணி நேரத்தில் குழந்தை தெளிந்து, புட்டியில் பால் குடித்தது.

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். கிருமி வளர்ப்புச் சோதனை, முதுகுத்தண்டு நீர், எக்கோ, எம்.ஆர்.ஐ. என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எதிலும் விடை கிடைக்காத மூன்றாவது வாரத்தில்தான் "மரபணுவும் அனுப்பிவிடலாம்" என்ற பேச்சு எழுகிறது. காரணம் தெரியாத குழந்தைகளுக்கு அதை முதல் இரண்டு நாட்களிலேயே அனுப்ப வேண்டும் என்பது என் வாதம்.

கீழவீதி மருத்துவர்:

அரசு மருத்துவமனையில் குழந்தை நல மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் குழந்தை பிழைத்ததில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அதைப் பிழைக்க வைத்தவை எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் இரண்டு வைட்டமின்கள். காரணம் தெரியாத வலிப்போடு வரும் பச்சிளங்குழந்தைக்குப் பிரிடாக்சின் என்னும் பி6 வைட்டமினைக் கொடுத்துப் பார்ப்பது நாங்கள் படித்த காலத்திலேயே இருந்த வழக்கம். வளர்சிதை மாற்றக் கோளாறு என்ற சந்தேகம் வந்தால் தயமினையும் பயோட்டினையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க எந்த இயந்திரமும் தேவையில்லை.

இன்னொன்று, மருந்து உள்ள நோய் வெளிப்பட்ட குழந்தையின் கதைதான் ஊர் முழுக்கப் பரவுகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழுவினர் 2022-இல் வெளியிட்ட விரைவு மரபணுப் பரிசோதனை முடிவுகளில், மிக விரைவான நோயறிதலுக்கு 7 மணி 18 நிமிடமே ஆனது என்பது தலைப்புச் செய்தியாயிற்று. பரிசோதிக்கப்பட்ட 12 பேரில் 5 பேருக்கே விடை கிடைத்தது என்பதை எத்தனை பேர் படித்தார்கள்? ஒரு செவிலியர் ஆறேழு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில், அந்தப் பணத்தைக் கொண்டு முதலில் இன்னொரு செவிலியரை நியமிக்கச் சொல்வேன்.

ஆய்வக இளவல்:

மருத்துவர் ஐயா வைட்டமின் பற்றிச் சொன்னது சரியே. ஆனால் தெரியாமல் கொடுத்தாலும் தீங்கு செய்யாத மருந்துக்கு மட்டுமே அந்த வழி பொருந்தும். கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கே.சி.என்.க்யூ.2 மரபணுப் பிழையால் வரும் வலிப்பை அது பெரும்பாலும் நன்றாகவே அடக்கும், எஸ்.சி.என்.1ஏ மரபணுப் பிழையால் வரும் டிராவே நோய்க்குறியில் அதே மருந்து வலிப்பை மோசமாக்கும். இங்கே கொடுத்துப் பார்ப்பது ஒரு பரிசோதனையாகவே ஆகிவிடுகிறது, அதுவும் குழந்தையின் மேல். தவிர, குருட்டாம்போக்கில் தொடங்கிய வைட்டமினை நோயின் பெயர் தெரியாவிட்டால் யாரோ ஒருவர் ஒரு நாள் நிறுத்திவிடுவார். எஸ்.எல்.சி.19ஏ3 கோளாறு உள்ளவர்கள் வாழ்நாள் முழுதும் அதை எடுத்தாக வேண்டும்.

கீழவீதி மருத்துவர்:

தம்பி, கார்பமசெபின் உதாரணத்தை ஏற்கிறேன். ஆனால் அது முழு மரபணுத்தொகுதிக்கான வாதம் ஆகாது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் செய்ததைப் பாருங்கள். உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவின் மரபணுவில் எம்.டி. 1555 என்ற மாற்றம் உள்ள குழந்தைக்கு ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டால் கேட்கும் திறனே நிரந்தரமாகப் போய்விடலாம். அந்த ஒரே மாற்றத்தை மட்டும், கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்த மாதிரியிலிருந்து, குழந்தையின் படுக்கைக்கு அருகிலேயே 26 நிமிடத்தில் கண்டுபிடிக்கும் கருவியை வைத்தார்கள். பரிசோதித்த 751 குழந்தைகளில் மூவருக்கு அந்த மாற்றம் இருந்தது. வேறு நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போட வேண்டும் என்ற நடைமுறைக்கும் இடையூறு வரவில்லை. கேள்வி ஒன்று, விடை ஒன்று, அதன்மேல் செய்ய வேண்டியதும் ஒன்று. எங்களைப் போன்ற மருத்துவமனைகளுக்கு வேண்டியது இதுதான்.

வைகைக்கரை:

ஐயா, ஜென்டாமைசின் போடும்போது எந்தக் கேள்வியைக் கேட்பது என்று நமக்கு முன்பே தெரியும். எங்கள் பிரிவில் கிடக்கும் குழந்தைக்கு எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதே தெரியாத நிலையில்தான் மரபணுத்தொகுதியின் 300 கோடி எழுத்துகளையும் படிக்க வேண்டியிருக்கிறது. பணத்தைப் பற்றிச் சொன்னீர்கள். கலிஃபோர்னியா மாநில அரசு ஏழைகளுக்கான மெடி-கால் திட்டத்தின் கீழ் 20 லட்சம் டாலர் ஒதுக்கி, ஐந்து மருத்துவமனைகளில் 178 குழந்தைகளுக்கு இதைச் செய்துபார்த்தது. 76 பேருக்கு நோய் உறுதியாயிற்று. 55 பேரின் சிகிச்சையே மாறியது. தேவையற்ற அறுவைகளும் படுக்கை நாட்களும் குறைந்ததில் செலவிட்டதைவிட மிச்சமானதே அதிகம் என்று கணக்குக் காட்டினார்கள்.

கீழவீதி மருத்துவர்:

கலிஃபோர்னியாவில் ஒரு நாள் படுக்கைக்கு ஆகும் செலவை வைத்துப் போட்ட கணக்கு அது. நம் படுக்கையின் விலை வேறு, இயந்திரத்தின் விலை மட்டும் அங்கும் இங்கும் ஒன்று.

தாமிரபரணி:

நான் மருத்துவம் படித்தவள் அல்ல. எங்கள் மகள் 23 நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். மரபணுப் பரிசோதனைக்கு இரத்தம் பதினேழாவது நாள்தான் அனுப்பப்பட்டது. அவள் இறந்து 19 நாட்கள் கழித்து, மின்னஞ்சலில் அறிக்கை வந்தது. அதன் முதல் பக்கத்தில் "வயது: 17 நாள்" என்று இருந்தது. அதைத் தாண்டிப் படிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அந்த நோய்க்கு மருந்து இல்லை என்று அறிக்கையைப் பார்த்த மருத்துவர் சொன்னார். எனவே முன்பே தெரிந்திருந்தாலும் மகள் பிழைத்திருக்க மாட்டாள், டாக்டர் ஐயா. உங்கள் வாதத்துக்கு இது வலு சேர்க்கலாம். ஆனால் தெரிந்திருந்தால் கடைசி ஆறு நாட்கள் அவளுக்கு ஊசி குத்தியிருக்க மாட்டார்கள், நான் அவளை மடியில் வைத்திருந்திருப்பேன். நானும் என் கணவரும் அத்தை பிள்ளை, மாமன் மகள். இருவரிடமும் அந்தப் பிழை ஒவ்வொரு பிரதி இருக்கிறது, ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து என்று அந்தக் காகிதம் சொன்னதால்தான் அடுத்த கர்ப்பத்தில் பன்னிரண்டாவது வாரத்திலேயே சோதித்துக்கொள்ள முடிந்தது. அதுவரை வீட்டில் என் ராசியையே குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கீழவீதி மருத்துவர்:

அம்மா, மருந்தில்லாத நோய்க்குப் பரிசோதனை எதற்கு என்று முதலில் நினைத்தே எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். விரைவு குறித்த என் தயக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. முடிவு ஏழு மணி நேரத்தில் வந்து என்ன பயன், அதைப் பெற்றோருக்கு விளக்க வேண்டிய மரபணு ஆலோசகர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார் என்றால்? உங்களுக்கு அது மின்னஞ்சலில் அல்லவா வந்திருக்கிறது.

ஆய்வக இளவல்:

ஆய்வகத்துக்குள்ளும் தாமதம் இயந்திரத்தில் இல்லை. எந்த மனிதரை எடுத்தாலும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று பொதுவாக வைத்திருக்கும் மரபணுத்தொகுதியிலிருந்து நாற்பது, ஐம்பது லட்சம் இடங்களில் வேறுபடுவார். அவற்றில் நோய்க்குக் காரணமான ஒன்றைப் பிரித்தெடுப்பதில்தான் நேரம் போகிறது. தரவுத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி என்பதால், நம் ஊர்க் குழந்தையிடம் காணும் மாற்றம் நோய்தானா, நம் சமூகத்தில் இயல்பாகவே இருப்பதா என்று முடிவு கட்ட இயலாமல் "பொருள் தெளிவற்றது" என்று எழுதி அனுப்ப நேர்கிறது. பெற்றோருக்கு அதைவிடக் கொடிய வாசகம் இல்லை. இந்தியர்களின் மரபணுத்தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் பத்தாயிரம் பேர் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது சற்று ஆறுதல். பெற்றோர் இருவரின் இரத்தத்தையும் சேர்த்து அனுப்பினால் இந்தக் குழப்பம் பெருமளவு குறையும். பல நேரங்களில் குழந்தையின் இரத்த மாதிரி மட்டுமே வந்து சேர்கிறது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பப் படிவத்தில் நோய்க்குறிகளுக்கென்று அரைப் பக்கக் கட்டம் இருக்கிறது. எங்களுக்கு வருவனவற்றில் பெரும்பாலும் அதில் "வலிப்பு" என்ற ஒரே சொல்தான் எழுதப்பட்டிருக்கிறது. நாற்பது லட்சத்தை வடிகட்ட எங்களிடம் இருக்கும் சல்லடை அந்தக் கட்டம்தான்.

வைகைக்கரை:

அந்தப் படிவத்தை நிரப்புவது இரவுப் பணியில் இருக்கும் பயிற்சி மருத்துவர். சில நாட்களில் நானே. ஒரு சொல் எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

கீழவீதி மருத்துவர்:

தம்பி, வலிப்போடு வரும் குழந்தைக்கு அந்தக் கட்டத்தில் தலைச்சுற்றளவு, லாக்டேட், அமோனியா, உறவுமுறை, முன்பு இறந்த குழந்தைகள் என்று என்னென்ன எழுத வேண்டுமோ அதற்கு ஒரு மாதிரிப் படிவத்தை இங்கே பதிவிடுங்கள். விரைவுப் பரிசோதனை வருகிறபோது வரட்டும். நான் பணியாற்றிய பிரிவின் இப்போதைய தலைவர் என் மாணவர்தான். திங்கட்கிழமை போகும்போது அச்செடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறேன்.