பிவிசி பைப்புல போற பயோகேஸை வெளிய சென்சார் மாட்டி அளக்க முடியுமா? வால்வை மூடினாலும் ஃப்ளோ காட்டுது, உதவி தேவை

சேகோ_மெயின்டனன்ஸ்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி மில்லுல மெயின்டனன்ஸ் பாக்குறேன். கிழங்கு கழுவுற தண்ணி, மாவு தெளிய வச்சு இறுக்குற தண்ணி எல்லாம் பயோகேஸ் பிளான்டுக்குப் போயி, அங்கிருந்து கேஸ் 110 மில்லி யூபிவிசி லைன்ல ஜெனரேட்டருக்கு வருது. பிரஷர் ரொம்ப கம்மி, பிரஷர் பாக்குற யூ வடிவக் குழாய்ல 15 சென்டிமீட்டர் தண்ணிதான் ஏறும். முன்னாடி லைனுக்குள்ள ஒரு டர்பைன் மீட்டர் இருந்துச்சு, கேஸ்ல ஈரம், கூட ஹைட்ரஜன் சல்ஃபைடு வேற, ஏழெட்டு மாசத்துல பேரிங் அரிச்சுப் போச்சு. அதனால பைப்பை வெட்டாம வெளியவே மாட்டுற அல்ட்ராசோனிக் மீட்டர் ஒண்ணு வாங்கி, கிரீஸ் தடவி ரெண்டு சென்சாரையும் ஒரே பக்கமா மாட்டினேன். சிக்னல் பார் ஃபுல்லா இருக்கு, மணிக்கு 6 கன மீட்டர்னு காட்டுது. ஆனா ஜெனரேட்டரை நிறுத்தி வால்வை மூடினாலும் அதே 6, ஃபுல் லோடுல ஓடும்போதும் 6, 7 அதுக்கு மேல போகல. கணக்குப்படி 35, 40 வரணும். சென்சார் தூரத்தை மாத்திப் பாத்தேன், கிரீஸ் மாத்திப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல. எங்க தப்பு பண்றேன்?

பேனல்போர்டு:
ஜீரோ செட் பண்ணிடுங்க ப்ரோ. வால்வை மூடி வச்சுட்டு மெனுவுல ஜீரோ குடுத்தா அந்த 6 போயிடும்.

மீட்டர்_பெஞ்ச்:
ஜீரோ குடுக்க வேண்டாம். ஃபுல் லோடுலயும் 6, மூடினாலும் 6னா மீட்டர் கேஸையே பாக்கலன்னு அர்த்தம், ஜீரோ குடுத்தா தப்பு கண்ணுக்குத் தெரியாம போயிடும், அவ்வளவுதான். மீட்டர் பெட்டி மேல என்ன போட்டிருக்கு பாருங்க தம்பி, லிக்விடா கேஸா? சென்சார் எத்தனை ஹெர்ட்ஸ்? பைப் சுவர் எத்தனை மில்லி?

சேகோ_மெயின்டனன்ஸ்:
லிக்விட்னுதான் இருக்குங்க அண்ணா. வித்தவர் கேஸுக்கும் ஓடும்னு சொன்னாரு. 1 மெகாஹெர்ட்ஸ். சுவர் 3 மில்லி, உள் விட்டம் 104.

அலைநீளம்:
அப்ப உங்களுக்கு வர்ற சிக்னல் பைப் சுவர் வழியாவே ஓடி வர்றது. சத்தம் ஒரு பொருள்லருந்து இன்னொண்ணுக்குத் தாவும்போது ரெண்டோட அகூஸ்டிக் இம்பீடன்ஸும் (அடர்த்தியை சத்தத்தோட வேகத்தால பெருக்கினா வர்றது, அளவு ரேல்) கிட்டக்கிட்ட இருந்தாத்தான் நல்லா தாவும். தண்ணிக்கு சுமார் 15 லட்சம் ரேல், பிவிசிக்கு 33 லட்சம், அதனால தண்ணி பைப்புல பிரச்சினையே இல்ல. சாதாரண பிரஷர்ல காத்துக்கு வெறும் 400 சொச்சம்தான். பிவிசிலருந்து கேஸுக்குள்ள எறங்குறது ரெண்டாயிரத்துல ஒரு பங்கு சக்திதான், எதிர்ப்பக்கம் மறுபடி பிவிசிக்குள்ள ஏறும்போது அதுலயும் ரெண்டாயிரத்துல ஒரு பங்கு. ரெண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 66 டெசிபல் நஷ்டம். இதே ஸ்டீல் பைப்பா இருந்தா 88 போயிடும், அதனாலதான் ஸ்டீல்ல வெளிய மாட்டி கேஸ் அளக்கணும்னா நல்ல பிரஷர் வேணும்பாங்க, பிரஷர் ஏற ஏற கேஸோட அடர்த்தியும் இம்பீடன்ஸும் ஏறும். பிளாஸ்டிக் இந்த விஷயத்துல நமக்கு சாதகம்.

அடுத்தது 1 மெகாஹெர்ட்ஸ். காத்துலயே சென்டிமீட்டருக்கு ஒண்ணரை டெசிபலுக்கு மேல தின்னுடும், உங்க கேஸ்ல 40 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு இருக்கும், அது காத்தை விட ரொம்ப மோசமா சத்தத்தை உறிஞ்சும். அதுலயும் நீங்க ஒரே பக்கமா மாட்டினதால கேஸ்ல ரெண்டு தடவை குறுக்க போகணும். சென்சார்களை எதிரெதிரா வைக்கணும், ஒரே தடவை கடந்தா போதும்.

ஒரு சோதனை பண்ணுங்க, லைனைத் தொடவே வேண்டாம். அதே பைப்புல மிச்சம் இருக்கற துண்டு ஒண்ணை டேபிள்ல வச்சு, சென்சாரை மாட்டி, உள்ள துணியை நல்லா திணிங்க. சிக்னல் அப்படியே இருந்தா அது சுவத்துல வர்றதுதான்.

சேகோ_மெயின்டனன்ஸ்:
திணிச்சுப் பாத்தாச்சு அண்ணா. பழைய லுங்கி ஒண்ணு முழுசா உள்ள போச்சு, பார் கொஞ்சம் கூட எறங்கல. மூணு வாரமா கேஸ் அளவுன்னு நோட்டுல எழுதிட்டு இருந்தது எல்லாமே சுவர் சத்தம்தான்னு நெனச்சா ரொம்ப வருத்தமா இருக்கு. சரி, வேற சென்சார் போட்டா இந்த பைப்புல நடக்குமா, இல்ல வெட்டித்தான் ஆகணுமா?

அலைநீளம்:
நடக்கும். 200 கிலோஹெர்ட்ஸ் பக்கம் எறங்கணும், கேஸ்க்குன்னே செஞ்ச மீட்டர் வெளிய மாட்டுற மாதிரி இருக்கு, விலை லட்சத்துல வரும், வாங்கறதுக்கு முன்னாடி உங்க பைப் சுவத்தோட தடிமன் சொல்லி அதுக்கேத்த சென்சார் கேளுங்க. ஆனா எந்த சென்சார் போட்டாலும் சுவர் சத்தத்தை அடக்கணும். நேரத்தைப் பாருங்க: 60 சதவீதம் மீத்தேன் இருக்கற கேஸ்ல சத்தத்தோட வேகம் விநாடிக்கு சுமார் 350 மீட்டர், 104 மில்லியைக் கடக்க கிட்டத்தட்ட 300 மைக்ரோ செகண்ட். சுவத்துல அரைச் சுத்து ஓடி வர்றதுக்கு அதுல மூணுல ஒரு பங்கு நேரம் கூட ஆகாது. அது முன்னாடியே வந்து சுத்திச் சுத்தி மணி மாதிரி அடிச்சுக்கிட்டே இருக்கும், அந்த அடி ஓயறதுக்குள்ள நம்ம சின்ன சிக்னல் வந்து அதுக்குள்ள முங்கிடும். ஓட்டுக்கூரை ஒழுகலுக்கு ஒட்டுற பியூட்டைல் டேப் இருக்குல்ல, அதை சென்சார் எடம் மட்டும் விட்டுட்டு பைப்பைச் சுத்தி ஓரடி நீளத்துக்கு ரெண்டு அடுக்கு அழுத்தி ஒட்டுங்க. பாதி பேர் இதை விட்டுட்டுத்தான் சென்சார் சரியில்லன்னு திருப்பி அனுப்புறாங்க.

மீட்டர்_பெஞ்ச்:
மாட்டுற எடமும் முக்கியம். மேலயும் கீழயும் வைக்காதீங்க, கீழ தண்ணி தேங்கும், ரெண்டு பக்கவாட்டுல வைங்க. முன்னாடி குறைஞ்சது பைப் விட்டத்துல 10 மடங்கு, பின்னாடி 5 மடங்கு நேர் பைப் வேணும், எல்போ (பைப் வளைவு) ரெண்டு அடுத்தடுத்து இருந்தா 20 மடங்கு விடுங்க. வெயில் நேரா படுற எடம்னா மேல ஒரு தகடு போட்டு நிழல் பண்ணுங்க, கிரீஸ் காஞ்சா சிக்னல் போயிடும்.

கேஸ்_சேஃப்டி:
ஒண்ணு சொல்லிக்கறேன். காத்துல மீத்தேன் 5லருந்து 15 சதவீதம் இருந்தா ஒரு பொறி பட்டாலே தீப்பிடிக்கும், ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு ஏறினா மூக்கு மரத்துப் போயி வாசனையே தெரியாது, வாசனை இல்லைன்னா கேஸ் இல்லைன்னு நம்பாதீங்க. ஸ்கோப் (சிக்னலை ஸ்கிரீன்ல காட்டுற கருவி), ஆம்ப்ளிஃபையர் எதையும் மூடின ரூம்ல லைன் பக்கத்துல வச்சு ஓட்டாதீங்க, தனியா போகாதீங்க.

சேகோ_மெயின்டனன்ஸ்:
பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். பக்கத்து காலேஜ் லேப்ல 200 கிலோஹெர்ட்ஸ் சென்சார் ஒரு ஜோடியும் ஸ்கோப்பும் குடுத்தாங்க, ஒரு சாரும் கூட வந்தாரு. முதல்ல டேபிள்ல, டேப் இல்லாம ஸ்கிரீன் பூரா ஒரே கிறுக்கல். ரெண்டு அடுக்கு டேப் ஒட்டின உடனே முன்பக்கக் கிறுக்கல் சுருங்கி, 300 மைக்ரோ செகண்ட் பக்கத்துல சின்னதா ஒரு மேடு. துணியைத் திணிச்சா அது காணாம போகுது, எடுத்தா திரும்ப வருது, அதைப் பாத்தப்ப வந்த சந்தோஷத்தை சொல்லத் தெரியல. அப்புறம் திறந்தவெளில இருக்கற லைன்ல மாட்டினோம். வால்வை மூடினா, கேஸ் போற திசையிலும் எதிர்த் திசையிலும் சத்தம் போக ஒரே நேரம், ஃபுல் லோடுல 250 நானோ செகண்ட் வித்தியாசம். சத்தம் பிவிசிலருந்து கேஸுக்குள்ள 7 டிகிரிதான் சாயுதுன்னு சார் கணக்குப் போட்டாரு, அந்தக் கணக்குல வேகம் 1.2 மீட்டர், மணிக்கு 36.5 கன மீட்டர். அந்த ஒரு மணி நேரத்துல ஜெனரேட்டர் 65 யூனிட் குடுத்துச்சு. சரியா இருக்கா? இன்னொரு சந்தேகம், காலைல 299 மைக்ரோ செகண்ட்ல இருந்த மேடு மதியம் 292க்கு வந்துடுச்சு, ஏன்?

அலைநீளம்:
ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க. 36.5ஐ அப்படியே எடுக்காதீங்க, நடுவுல குறுக்க வெட்டி அளக்கறதால நடுவுல வேகமா போற கேஸைத்தான் அதிகமா பாக்குது, இந்த வேகத்துக்கு சுமார் 0.93ஆல பெருக்குங்க, 34 வரும். கன மீட்டருக்கு 1.9 யூனிட், பயோகேஸ் இன்ஜினுக்கு நம்பற அளவுதான்.

மேடு நகர்ந்தது தப்பு இல்ல. கேஸ் சூடானாலும் சத்தம் வேகமா போகும், மீத்தேன் சதவீதம் ஏறினாலும் வேகமா போகும். 7 மைக்ரோ செகண்ட்னா சுமார் 14 டிகிரி சூடு, இல்ல மீத்தேன் நாலஞ்சு சதவீதம் கூடியிருக்கணும், ரெண்டும் கலந்தும் இருக்கலாம். டேப்புக்கு அடியில பைப்போட ஒட்டி ஒரு டெம்பரேச்சர் சென்சார் வைங்க. சூட்டோட பங்கைக் கழிச்சுட்டா மிச்சம் மீத்தேனோட மாற்றம். அதையும் நோட்டுல தனியா ஒரு கட்டம் போட்டு எழுதிட்டு வாங்க, கிழங்கு சீசன் மாறும்போது பிளான்ட் எப்படி இருக்குன்னு அதுலயே தெரியும்.

சேகோ_மெயின்டனன்ஸ்:
நாளைக்கே வைக்கிறேன் அண்ணா. பழைய மூணு வாரக் கணக்கை அடிச்சுட்டு, இன்னைக்குத் தேதிலருந்து புதுப் பக்கம் ஆரம்பிச்சுட்டேன்.