புதுப்பிப்பு: தனிநபர் கடனை மாற்றவில்லை

16 சதவீதத்தில் ஓடும் கடனை 12 சதவீதத்துக்கு வேறு வங்கிக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தேன் இல்லையா, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டாயிற்று. பாக்கி 3 லட்சம், இன்னும் 24 தவணை. வட்டியில் மிச்சமாவது சுமார் 13,600 ரூபாய்தான். முன்கூட்டி முடிக்க 4 சதவீதம், புது வங்கியின் பிராசஸிங் கட்டணம் 2 சதவீதம், இரண்டுக்கும் ஜிஎஸ்டி சேர்த்தால் 21,240 ஆகிறது. அப்புறம் எதற்கு?

புது வங்கியின் கிருஷ்ணகிரி கிளையில் இருந்த தம்பி விண்ணப்பத்தின் பின்பக்கம் என் இப்போதைய மாதத் தவணை 14,689-ஐ அடித்துவிட்டு 7,900 என்று எழுதிக் காட்டினார். தவணை பாதியாகிறதே என்று எனக்கும் சபலம்தான். ஆனால் அது 48 மாதத்துக்கு. மொத்த வட்டி 52,500-லிருந்து 79,000-ஐத் தாண்டிவிடும், அதை மட்டும் அவர் எழுதவே இல்லை.

மாங்காய் சீசன் பணம் வந்ததும் அசலில் கொஞ்சம் கட்டப் போகிறேன். பகுதியாகக் கட்டினாலும் கட்டணம் உண்டா என்று ஒப்பந்தத்தைப் பார்த்தேன், அசலில் 25 சதவீதம் வரை கட்டணம் இல்லையாம்.