காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிஜிட்டல் கேஜ் செட்டிங் அழிந்துவிடுகிறது: 40 எச்பி அவுட்போர்டு, நீலகிரி

மலைத்தேக்கம்:

வணக்கம். நீலகிரியில் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் ஓர் அணைத் தேக்கத்தில் ஓடும் ஃபைபர் படகு. 40 எச்பி ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜின்), 12 வோல்ட் 70 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரி. டேஷில் தனியாக வாங்கிப் பொருத்திய டிஜிட்டல் கேஜ் இரண்டு. ஒன்றில் ஆர்பிஎம், ஓடிய மணிநேரம். மற்றதில் பெட்ரோல் அளவு, வோல்ட்.

டிசம்பர் பிறந்ததிலிருந்து, காலையில் முதல் ஸ்டார்ட் ஆனதும் இரண்டும் கம்பெனி செட்டிங்குக்குத் திரும்பிவிடுகின்றன. பல்ஸ் எண் (இன்ஜின் ஒரு சுற்றுக்கு எத்தனை சிக்னல் வரும் என்று ஆர்பிஎம் கேஜுக்குச் சொல்லும் எண்) 6 வைத்திருந்தது 4 ஆகிவிடும். ஐடிலில் 800 காட்ட வேண்டிய இடத்தில் 1200 காட்டும். டேங்க் முழுக்க பெட்ரோல் இருக்கும், கேஜில் ஒரே ஒரு கட்டைதான் எரியும். மணிநேரக் கணக்கு மட்டும் சரியாக இருக்கிறது. மறுபடி செட் செய்துவிட்டால் அன்று முழுக்க எத்தனை தடவை ஆஃப் செய்து ஸ்டார்ட் செய்தாலும் மாறுவதில்லை. ராத்திரி மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்துவிடுவது வழக்கம்.

பியூஸ் சரி. வயர்கள் எல்லாவற்றையும் மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பார்த்தாயிற்று, எல்லாமே சத்தம் வருகிறது. ஆர்பிஎம் கேஜை மட்டும் புதிதாக மாற்றியும் அதேதான். அடுத்து எங்கே பார்க்கலாம்?

கருப்புவயர்:

கேஜ் மாத்தியும் அதே கோளாறுன்னா கேஜை விட்டுடுங்க. சந்தேகம் ரெண்டே இடத்துலதான்.

ஒண்ணு, மெமரி லைன். சில கேஜ்ல சிவப்பு வயர் ரெண்டு வரும். ஒண்ணு கீ ஆன் சப்ளை, இன்னொண்ணு எப்பவும் கரண்ட் இருக்க வேண்டியது. அந்த ரெண்டாவது வயரை மெயின் ஸ்விட்சுக்குப் பின்னாடி எடுத்திருந்தா, ராத்திரி ஸ்விட்சைத் திருப்பினதும் ஞாபகம் போயிடும். மணிநேரம் தனி சிப்ல எழுதி வைக்கறதால அது தப்பிச்சுக்கும்.

ரெண்டு, கிராங்க் பண்ணும்போது, அதாவது ஸ்டார்டர் இன்ஜினைச் சுத்தும்போது, வோல்ட் விழறது. கேஜ் உள்ளே இருக்கற 5 வோல்ட் ரெகுலேட்டருக்கு வெளியிலிருந்து குறைஞ்சது 7 வோல்ட்டாவது வேணும். அதுக்குக் கீழே போனா புராசஸர் பாதியில் நின்னு மறுபடி எழும். எழும்போது சேமிச்ச எண்ணைச் சரிபார்க்கும். கணக்கு இடிச்சா கம்பெனி செட்டிங்கை எடுத்துப் போட்டுக்கும்.

எதுன்னு கண்டுபிடிக்க ஸ்பேனர் தேவையில்லை. நாளைக்குக் காலையில் மெயின் ஸ்விட்சை ஆன் பண்ணி, கீயை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பி, கிராங்க் பண்ணாம கேஜ் மெனுவுக்குள்ள போய் பல்ஸ் எண்ணைப் பாருங்க. 4னு இருந்தா ராத்திரியே போயிருக்கு, மெமரி லைனைத் தேடுங்க. 6னு இருந்துட்டு கிராங்க்குக்குப் பிறகு 4 ஆனா, வோல்ட்தான் விழுது.

அதோட கிராங்க் ஆகும்போது ரெண்டு இடத்துல வோல்ட் எடுங்க: பேட்டரி போஸ்ட்ல ஒண்ணு, கேஜ் பிளக்ல ஒண்ணு. மீட்டர்ல மின்/மேக்ஸ் (குறைஞ்ச, கூடின அளவைப் பிடிச்சு வைக்கற) பட்டன் இருக்கணும். வெறும் டிஸ்ப்ளேயைப் பார்த்துட்டிருந்தா அந்தக் கணநேர வீழ்ச்சி கண்ணுல படாது. கில் ஸ்விட்ச் கிளிப்பைக் கழட்டிட்டா பெரும்பாலான அவுட்போர்டு கிராங்க் ஆகும், ஸ்டார்ட் ஆகாது. ஒரு தடவைக்கு 5 செகண்டுக்கு மேல கிராங்க் வேண்டாம். டேங்க் தளத்துக்கு அடியில் இருந்தா முதல்ல தளத்தோட மூடியைத் திறந்து பெட்ரோல் வாடை போக விட்டுட்டு அப்புறம் ஆரம்பிங்க.

மலைத்தேக்கம்:

இன்று காலை பார்த்தேன். வெளியே 4 டிகிரி. கீ ஆனில் பல்ஸ் 6தான் இருந்தது. கிராங்க் செய்ததும் இரண்டு கேஜும் கண் சிமிட்டி, கம்பெனி முத்திரை மறுபடி வந்து, 4 ஆகிவிட்டது. கிராங்க்கின்போது குறைந்தபட்சம்: பேட்டரி போஸ்ட்டில் 9.8 வோல்ட், கேஜ் பிளக்கில் 6.7. கிராங்க்குக்கு முன் பேட்டரி 12.5. அப்படியென்றால் பேட்டரியை மாற்ற வேண்டுமா?

ஏரிமின்:

வேண்டாங்க. இந்தக் குளிருக்குக் கிராங்க்ல 9.8 நல்ல அளவு. 9.6க்குக் கீழே போனாத்தான் பேட்டரியைச் சந்தேகப்படணும். உங்க 3.1 வோல்ட் வழியில தொலையுது. மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்லயும் (கிளாம்ப்ல இல்ல, போஸ்ட்லயே), இன்னொண்ணை கேஜோட கருப்பு வயர்லயும் வச்சு கிராங்க் பண்ணுங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். ரெண்டு வோல்ட்டுக்கு மேல வந்தா எர்த்தில்தான் பழுது.

பீப் வச்சுப் பார்த்தது இதுல உதவாது. கேஜோட எர்த் ஸ்டார்டர் கேபிளோட ஒரே லக்குல (கேபிள் முனையில நசுக்கி மாட்டற உலோக வளையம்) சேர்ந்திருந்தா, அந்த லக்குல 20 மில்லி ஓம் இருந்தாலே போதும். 120 ஆம்பியர் போகும்போது 2.4 வோல்ட் அங்கேயே நின்னுடும். 20 மில்லி ஓமைச் சாதா மீட்டர் பூஜ்யம்னுதான் காட்டும், பீப்பும் நல்லா அடிக்கும்.

பகல்ல ஏன் வரலைன்னா, இன்ஜின் சூடா இருக்கும், ஆயில் இளகியிருக்கும், அரைச்சுத்துல ஸ்டார்ட் ஆயிடும். தலைகுந்தாப் பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கற காலைல ஆயில் கெட்டி, ஸ்டார்டர் இழுக்கற கரண்ட் கூட, பேட்டரியோட கிராங்க் பலம் மூணுல ஒரு பங்கு குறைச்சல். பழுது எப்பவும் அங்கேதான் இருந்திருக்கும், டிசம்பர்ல வெளியே வருது.

மலைத்தேக்கம்:

எர்த்தில் 2.4. பாசிட்டிவ் பக்கம் 0.7. லக்கைக் கழற்றிப் பார்த்தால் வெளியே பளபளப்பாக இருக்கிறது, ஆனால் கேபிள் உறையைக் கொஞ்சம் சீவியதும் உள்ளே செம்பு கருத்துப் பச்சை பூத்திருக்கிறது. லக் சுத்தியலால் தட்டி நசுக்கியது போல இருக்கிறது.

கருப்புவயர்:

அதேதான். நல்ல தண்ணி ஏரி, உப்பு இல்லைன்னு யாரும் கவலைப்படறதில்லை. ஆனா மூடுபனி பகல் வெயில்ல ஆவியாகி, ராத்திரி திரும்ப வயர் மேல வேர்த்து நிக்கும். தட்டி நசுக்கின லக்குல இழைகளுக்கு நடுவுல இடைவெளி இருக்கும், ஈரம் அதுக்குள்ள ஏறிக்கும்.

லக்கை மட்டும் மாத்தினா போதாது. செம்பு பளிச்சுன்னு வர்ற இடம் வரைக்கும், கருத்த கேபிளை வெட்டி எறிங்க. அது 10 செ.மீ. ஆனாலும் சரி, 30 ஆனாலும் சரி. நீளம் பத்தலைன்னா ஜாயிண்ட் போடாம முழுக் கேபிளையும் மாத்துங்க. டின் பூசின 25 சதுர மி.மீ. கேபிள், அதுக்கேத்த டின் பூசின லக், ஹைட்ராலிக் கிரிம்ப், மேலே உள்பக்கம் பசை வெச்ச ஹீட் ஷ்ரிங்க். ஷ்ரிங்க் சுருங்கும்போது ஓரத்துல பசை வளையமாப் பிதுங்கி வரணும். வரலைன்னா இன்னும் சூடு காட்டுங்க.

போஸ்ட்ல லக்குதான் நேரா உட்காரணும். போஸ்டுக்கும் லக்குக்கும் நடுவுல ஸ்டீல் வாஷர் போட்டா அதுவே ஒரு தடை. விங் நட் இருந்தா எடுத்துட்டு நைலாக் நட் போடுங்க, அதிர்வுல விங் நட் நிக்காது.

இன்னொரு முக்கியமான விஷயம்: கேஜுக்கு ஸ்டார்டர் எர்த்தைப் பங்கு வைக்காதீங்க. டேஷ் எர்த் பாரிலிருந்து பேட்டரி நெகட்டிவ் போஸ்டுக்கு தனியா 2.5 சதுர மி.மீ. வயர் ஒண்ணு இழுங்க. பாசிட்டிவும் அதே மாதிரி தனியா, பேட்டரி பக்கத்துலயே 3 ஆம்பியர் பியூஸோட.

பிளக்கை மூட, புளிச்ச வாடை அடிக்கற பாத்ரூம் சிலிகான் வேண்டாம். அதுல வர்ற அமிலமே செம்பை அரிச்சிடும். டைஎலக்ட்ரிக் கிரீஸ் போதும்.

பனிக்காற்று:

ஒரு டையோடும் கெப்பாசிட்டரும் போட்டா இவ்வளவு வேலை இல்லையே? கேஜ் பாசிட்டிவில் 3 ஆம்பியர் ஷாட்கி டையோடு, அதுக்குப் பிறகு எர்த்துக்கு 10,000 மைக்ரோ ஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர். கேஜ் 0.15 ஆம்பியர் எடுத்தால் 0.2 செகண்டில் 3 வோல்ட்தான் இறங்கும்.

ஏரிமின்:

கணக்கு சரிங்க. வோல்ட் அதிகமா விழறது ஸ்டார்டர் அசையற அந்த முதல் கணத்துலதான், அதை இது தாங்கும். ஆனா அந்த எர்த் லக் ஒவ்வொரு கிராங்க்லயும் சூடாகி இன்னும் கெட்டுப்போகும். கடைசியில ஸ்டார்டரே சுத்தாம படகு நடு ஏரியில நிக்கும். கேஜ் அழியறதுதான் இப்போதைக்கு நமக்குக் கிடைச்ச எச்சரிக்கை. எர்த்தைச் சரி பண்ணின பிறகும் பிளக்ல 8க்குக் கீழே போனா அப்போ இதைப் போடலாம்.

மலைத்தேக்கத்துக்கு ஒண்ணு. பெட்ரோல் கேஜை இலேசா எடுத்துக்காதீங்க. உங்க சென்டர் (sender, டேங்க்ல பெட்ரோல் அளவை உணர்ந்து கேஜுக்கு அனுப்பற பாகம்) 240–33 வகைன்னு நினைக்கிறேன்: காலி டேங்குக்கு 240 ஓம், முழு டேங்குக்கு 33. கம்பெனி செட்டிங் 10–180 ஆக இருக்கும், அது தலைகீழ். 33 ஓம்னா அந்தக் கணக்குல 14 சதவீதம், நீங்க சொன்ன ஒரு கட்டை. பெட்ரோல் குறையக் குறைய கட்டை ஏறிட்டே போகும், காலியானா முழுசாக் காட்டும். மேகம் இறங்கி கரை தெரியாத நேரத்துல அதை நம்பிப் போயிடக் கூடாது. சென்டர் வயரைக் கழட்டி ஓம் வச்சுப் பார்த்து உறுதி பண்ணிக்கங்க.

மலைத்தேக்கம்:

முழு டேங்கில் 35 ஓம் காட்டுகிறது, நீங்கள் சொன்ன வகைதான். கேபிளை 20 செ.மீ. வெட்டி, லக் மாற்றி, கேஜுக்குத் தனி வயர் இரண்டும் இழுத்தாயிற்று. எர்த்தில் இப்போது 0.1, பிளக்கில் குறைந்தபட்சம் 9.5. நான்கு காலையாக 6 அப்படியே நிற்கிறது. ஒரே ஒரு சந்தேகம். முழு திராட்டிலில் 5500 வர வேண்டியது 5000 தாண்டவில்லை. பல்ஸ் எண் இன்னும் தவறா?

கருப்புவயர்:

பல்ஸ் தப்பா இருந்தா 500 மட்டும் குறையாது. 6க்குப் பதில் 4 வச்சா ஒன்றரை மடங்கு ஏறும், 8 வச்சா கால் பங்கு இறங்கும். ஐடில் 800 சரியா வருதில்லையா, கேஜ் சொல்றது உண்மைதான். 2,000 மீட்டர்ல காத்து மெலிசு, இன்ஜின் பலம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும். சமவெளிக்குப் போட்ட புரொப்பெல்லர் இங்கே கனமா இருக்கும். பிட்ச் (புரொப்பெல்லர் ஒரு சுத்துக்கு முன்னேற வேண்டிய தூரம்) 2 அங்குலம் குறைச்சா 300லேர்ந்து 400 வரைக்கும் ஏறும். மாத்தறதுக்கு முன்னாடி படகுல வழக்கமான ஆளுங்க எடையோட ஒரு தடவை ஓட்டி அளந்துட்டு வாங்குங்க.