ஒத்தைச் சக்கர சைக்கிள்: அரைச் சுத்துக்கு மேல போக மாட்டேங்கு

ஆலங்குளத்தான்:
அண்ணாச்சிமாரே, 20 இஞ்சு ஒத்தைச் சக்கர சைக்கிள் ஒண்ணு பழசா வாங்கியிருக்கேன். சீட்டு, பெடல் எல்லாம் தனித்தனியாக் கிடந்தது. சைக்கிள் கடையில மாட்டித் தந்தாங்க. எனக்கு உயரம் 5 அடி 6 அங்குலம், எடை 70 கிலோ. ஊர்ல சிமெண்டு உலர்களம் இருக்கு, ஓரத்துல இடுப்பளவு சுவர். அதைப் பிடிச்சு ஏறி அரைச் சுத்து மிதிச்சதும் முன்னால விழுதேன். பத்து நிமிசத்துல தொடை கடுக்கு. பெடல் ரெண்டும் அடிக்கடி லூசாவுது. புல்தரையில பழகுனா அடிபடாதுன்னு சொல்லுதாங்க, சரியா?

பாளை_மரை:
முதல்ல பெடலைப் பாருங்க, மத்தது அப்புறம். பெடல் அச்சின் நுனியிலும் கிராங்கிலும் (பெடலைச் சக்கர அச்சோட சேர்க்கிற கம்பி) 'எல்', 'ஆர்' எழுத்து அடிச்சிருக்கும். 'எல்' இருக்கிற பக்கம் இடது காலுக்குக் கீழ வரணும். இடது பெடலுக்கு மரை எதிர்த் திசையில வெட்டியிருக்கும், முன்னோக்கி மிதிக்கும்போது அவிழாம இருக்கத்தான் அந்த ஏற்பாடு. சீட்டை முன்பின்னா மாட்டிட்டா இடது பெடல் வலது காலுக்கு வந்துரும், மிதிக்க மிதிக்க ரெண்டும் கழண்டுக்கிட்டே வரும். உங்களுக்கு அதுதான் நடக்கு. சீட்டின் கைப்பிடி இருக்கிற முனைதான் முன்பக்கம். சீட்டுக்குழாய் கிளாம்பைத் தளர்த்தி அரைவட்டம் திருப்பி இறுக்குங்க. அதுவரைக்கும் ஏறாதீங்க, அலுமினியக் கிராங்குல மரை போயிரும்.

தாமிரபரணிக்கரை:
தொடை கடுக்குதுன்னா உங்க எடை முழுக்கப் பெடல்ல நிக்குது. அது சீட்டுல இருக்கணும். இதுல எல்லாமே அந்த ஒண்ணுலதான் இருக்கு.

சீட்டு பெரும்பாலும் தாழ்வா இருக்கும். பக்கத்துல நிறுத்தினா சீட்டு உங்க தொப்புள் உயரத்துக்கு வரணும். பிறகு ஏறி உக்காந்து, கீழ இருக்கிற பெடல்ல குதிகாலை வையுங்க, கால் நேரா நிக்கணும். மிதிக்கும்போது முன்பாதம் பெடல்ல இருக்கதால முட்டி தானா லேசா மடங்கும்.

இடுப்பளவு சுவர் ஆகாது. ஏறி உக்காந்தா தரையில நிக்கிறதைவிட ஏறக்குறைய அரையடி உசந்திருப்பீங்க. அந்தச் சுவரைத் தொடக் குனியணும், குனிஞ்சா இடுப்பு ஒடிஞ்சு உடம்பு முன்னால போவும். நெஞ்சு உயரத்துல பிடிமானம் வேணும். காம்பவுண்டு சுவரோ, தார்சா (வீட்டு முன்கூடம்) அழிக்கம்பியோ போதும். இறுக்கிப் பிடிக்காம விரல்நுனியால தொட்டுக்கிட்டா போதும்.

பெடல் ரெண்டும் தரைக்கு இணையா இருக்கையில தொடங்குங்க. அரைச் சுத்து மிதிச்சு, மறுபடி இணையா வந்ததும் நிறுத்துங்க. ஒரு பெடல் உச்சியிலும் மற்றது அடியிலும் நிக்கையில காலுக்குப் பிடியே கிடையாது. பயத்துல அங்க நிறுத்துறவங்கதான் விழுதாங்க. அரைச் சுத்து தடுமாறாம வந்தா ஒரு சுத்து, பிறகு ரெண்டு, பிறகு சுவரை விடுங்க. கண்ணு சக்கரத்துல இருக்கப்படாது, பத்தடி தள்ளி இருக்கணும். முன்னால சாஞ்சா வேகமா மிதிச்சுச் சக்கரத்தை உங்களுக்குக் கீழ கொண்டு வாங்க.

நாளுக்கு அரை மணி போதும். சேர்த்துப் பார்த்தா பெரும்பாலானவங்களுக்கு 10 முதல் 15 மணி நேரத்துல சில மீட்டர் தனியாப் போக வந்துரும்.

உடைமுள்:
புல்தரை வேண்டாம். சக்கரம் புதைஞ்சு ஒவ்வொரு மிதிக்கும் கூடுதல் பலம் கேக்கும், எடை மறுபடி கால்ல வந்துரும். உலர்களமே நல்ல இடம். ஆனா முதல்ல கூட்டிவிடுங்க. ஒரு சின்னச் சல்லி போதும், சக்கரம் அங்கயே நிக்கும், நீங்க மட்டும் போவீங்க. உடைமுள்ளையும் பாருங்க.

காத்து உங்க எடைக்கு 35 முதல் 40 பிஎஸ்ஐ வையுங்க. குறைஞ்சா டயர் தானா ஒரு பக்கம் இழுக்கும். தார்ரோடு நடுவுல உசந்து ஓரத்துக்குச் சரிஞ்சிருக்கதால அதுவும் இழுக்கும், இப்போதைக்கு வேண்டாம்.

விழும்போது சைக்கிளைப் பிடிக்கப் போகாதீங்க. அதை விட்டுட்டு ரெண்டு காலும் தரையில வர்ற மாதிரி இறங்கணும். மணிக்கட்டுக் காப்பு, ஹெல்மெட், கணைக்காலுக்கு ஃபுட்பால் பேடு போட்டுக்கோங்க. தட்டையான ரப்பர் அடி ஷூ நல்லது; கைலி கட்டிக்கிட்டு ஏறவே ஏறாதீங்க.

ஆனி, ஆடி காத்துல ஆலங்குளம் பக்கம் மதியத்துக்கு மேல பழக முடியாது. விடியக்காலையில போங்க.

ஆலங்குளத்தான்:
'எல்' வலது பக்கந்தான் இருந்துச்சு. திருப்பிட்டேன், சீட்டையும் நாலு விரற்கடை ஏத்தியாச்சு. இடது கிராங்குல முதல் ஒண்ணு ரெண்டு மரை நசுங்கியிருக்கு. ஓட்டலாமா?

பாளை_மரை:
மரையைத் துடைச்சு கிரீஸ் தடவி, பெடலை முதல்ல கையாலயே ஏத்துங்க. இடது பெடலை இறுக்குற திசை கடிகாரம் சுத்துற பக்கம் இல்ல, அதுக்கு எதிர். நாலஞ்சு சுத்து கையில சுலபமா ஏறினா 15 நம்பர் ஸ்பேனரால இறுக்கிட்டு ஓட்டலாம். ஆரம்பத்துலயே சாய்வா ஏறினா வலுக்கட்டாயம் பண்ணாதீங்க, கிராங்கை மாத்துங்க. மாத்தினா ரெண்டு பக்கமும் ஒரே நீளமா இருக்கணும். பழகுறதுக்கு 125 மில்லிமீட்டர் சரியா வரும். முதல் நாலஞ்சு தடவை ஓட்டினதும் கிராங்க் நட்டையும் ஒருக்கா இறுக்கிப் பாருங்க, தளர்ந்தா மிதிக்கையில 'டக் டக்'குன்னு சத்தம் வரும்.