7075 அலுமினியக் கலவையில் விரிசலே வரவில்லை, உதவி தேவை

உப்புத்தொட்டி: அவசரம். ஸ்ட்ரெஸ் கரோஷன் டெஸ்டுக்கு (இழுவிசையும் அரிப்பும் சேர்ந்து உலோகம் விரிகிறதா என்ற சோதனை) 7075 சி-ரிங் (ஒரு பக்கம் திறந்த வளையம்; போல்ட்டால் இறுக்கினால் வெளிப்பரப்பு போல்ட்டின் திசையில் இழுபடும்) போட்டு 3.5% உப்புத் தண்ணீரில் வைத்து ஒரு மாதமாகிறது. குழி விழுகிறது, விரிசல் இல்லை. ஏன்?

வார்ப்படம்: டெம்பர் (வெப்பப் பதப்படுத்திய நிலை) என்ன? பிளேட்டா, ராடா? தொடர்ந்து மூழ்கியே கிடக்கிறதா?

கருமான்: போல்ட் இரும்பு என்றால் அதுதான் காரணம். கால்வானிக் அரிப்பு (இரு வேறு உலோகங்கள் தொடுவதால் வரும் அரிப்பு) எல்லாவற்றையும் குழப்பிவிடும். போல்ட், நட், தொடும் இடம் எல்லாவற்றுக்கும் மெழுகு பூசுங்கள்.

உப்புத்தொட்டி: டி651 (டி6 நிலைதான், உள் இறுக்கம் போக இழுத்துவிட்டது), 50 மி.மீ. பிளேட். ஆமாம், மூழ்கியேதான் இருக்கிறது. மெழுகு பூசியாயிற்று.

மின்னோட்டம்: டி651 என்று சீட்டை நம்பாதீர்கள். மின் கடத்துதிறன் பாருங்கள். 38% ஐஏசிஎஸ் (செம்பை 100 ஆக வைத்த அளவு) தாண்டினால் டி73 வகை (டி6-ஐ விடக் கூடுதலாக முதிர்வித்த டெம்பர்), அது லேசில் விரிசல் விடாது.

மூத்தவர்: தம்பி, ஏஎஸ்டிஎம் சோதனைத் தரங்கள் ஜி38 (சி-ரிங்), ஜி44 (மாறி மாறி மூழ்கவைத்தல்) இரண்டையும் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். 10 நிமிடம் கரைசலில், 50 நிமிடம் காற்றில்; இதுதான் சுழற்சி. அதைவிட முக்கியம், வளையத்தை எந்தத் திசையில் வெட்டினீர்கள்? உருட்டிய பிளேட்டில் மணிகள் (உலோகத்தின் நுண்படிகங்கள்) அப்பளமாகத் தட்டையாகிக் கிடக்கும். இழுவிசை தடிமன் திசையில் இருந்தால்தான் மணி எல்லைகள் பிளக்கும். அந்தத் திசையில் டி6 சுமார் 50 மெகாபாஸ்கலுக்கே உடையும், டி73 300 வரை தாங்கும். போல்ட் தடிமன் திசையிலேயே போக வேண்டும்.

வார்ப்படம்: இதற்கு ஏன் மாதக்கணக்கு? ஸ்லோ ஸ்ட்ரெயின் ரேட் (கரைசலில் வைத்து மிக மெதுவாக இழுத்து உடைக்கும் சோதனை) போடுங்கள், சில நாளில் முடியும்.

மூத்தவர்: அதில் குழியால் நீட்சி குறைந்தாலும் விரிசல் கணக்கில் சேர்ந்துவிடும்.

வார்ப்படம்: அதற்குத்தான் உலர்ந்த நைட்ரஜனில் ஒரு மாதிரியை ஒப்பீட்டுக்கு இழுக்கிறோம்.

மூத்தவர்: நைட்ரஜனில் குழியே விழாதே! அப்புறம் குழியையும் விரிசலையும் எப்படிப் பிரிப்பீர்கள்? தகைவு (ஸ்ட்ரெஸ்) இல்லாமல் அதே கரைசலில் ஊறிய மாதிரியும் வேண்டும், முறிவுப் பரப்பையும் எஸ்இஎம் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

கருமான்: முதலில் கேள்விக்கு வாருங்கள். தம்பி, போல்டுக்கு நைலான் உறை இருக்கிறதா?

உப்புத்தொட்டி: கடத்துதிறன் 33, அதாவது டி6தான். பழைய வளையத்தில் போல்ட் உருட்டல் திசையில் போயிருக்கிறது. தடிமன் திசையில் புதிது வெட்டி 10/50 சுழற்சியில் வைத்தோம், முதல் வாரத்திலேயே விரிசல். எல்லோருக்கும் நன்றி.

மூத்தவர்: நல்லது. குறுக்கே வெட்டி, கெல்லர் கரைசலில் (அமிலக் கலவை) மணி எல்லைகள் தெரியும்படி எட்ச் செய்து பாருங்கள். விரிசல் கிளை விட்டு மணி எல்லையோடு ஓடுகிறதா? எவ்வளவு தகைவு ஏற்றினீர்கள் என்பதையும் போடுங்கள்.

மின்னோட்டம்: படம் கிடைத்தால் இங்கேயே போடுங்கள்.